‘மதிப்பு: இல்லை’ என்று எழுதிய அதிகாரி அவர்களுக்கு

படைக்கல உரிமம் வழங்கும் அதிகாரி அவர்களுக்கும், வடசென்னையில் ஒப்படைப்புத் துப்பாக்கிகளை வாங்கி வைக்கும் காவல் நிலையப் பொறுப்பாளர்களுக்கும்,

அய்யா,

உங்கள் அறிவிப்பு என் கைக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது. 2020 டிசம்பரில் நான் காவல் நிலையத்தில் ஒப்படைத்த ரைஃபிளை அரசு ஏன் பறிமுதல் செய்யக் கூடாது என்று 30 நாளுக்குள் காரணம் கேட்டிருக்கிறீர்கள். படைக்கலச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அப்படிக் கேட்க உங்களுக்கு அதிகாரம் தருகிறது. பதில் சொல்ல எனக்கும் உரிமை தருகிறது. முறையான பதிலைத் தனியாகக் கொடுத்துவிட்டேன். இதைத் திறந்த மடலாக எழுதுவதற்குக் காரணம், அறிவிப்போடு நீங்கள் இணைத்திருந்த பட்டியல். அதில் பதினான்கு துப்பாக்கி இருக்கிறது. எட்டாவதாக இருப்பது என்னுடையது. எதிரே இப்படி எழுதியிருக்கிறது: ‘பழைய துப்பாக்கி. துருப்பிடித்தது. மதிப்பு: இல்லை.’

பழையது என்பது சரி. துருப்பிடித்தது என்பதும் சரி. ஆனால் என்னிடமிருந்து நீங்கள் வாங்கும்போது அதில் துரு இல்லை.

இரும்போடு 34 வருஷம் பழகியவன் நான். பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் பிட்டர் வேலை. வீடு ராயபுரத்தில், கடலிலிருந்து நடந்துபோகிற தூரம். எங்கள் தெருவில் ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடித்தால் இரண்டு மழைக்காலம் தாங்காது. கேட்டின் கீலாகட்டும், தண்ணீர் மோட்டாராகட்டும், சைக்கிள் ரிம்மாகட்டும், உப்புக்காற்று விடுவதில்லை. அப்படிப்பட்ட தெருவில் ஒரு துப்பாக்கிக் குழல் அறுபது வருஷத்துக்கு மேல் கண்ணாடி மாதிரி இருந்தது என்றால் அது தானாக நடந்ததில்லை. முதலில் தாத்தா, பிறகு நைனா, பிறகு நான், பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று விடாமல் உட்கார்ந்ததால் நடந்தது.

உங்கள் பட்டியலில் பெயரில்லாமல் கிடக்கிற அந்தத் துப்பாக்கிக்குப் பெயர் உண்டு. மார்ட்டினி-ஹென்றி. பிரிட்டிஷ் ராணுவம் 1871இல் ஏற்றுக்கொண்ட ரைஃபிள். மார்ட்டினி சுவிட்சர்லாந்தில் இருந்த பொறியாளர், ஹென்றி எடின்பரோவில் துப்பாக்கி செய்தவர். தோட்டாவை உள்ளே வைத்து அடைக்கிற இயக்கம் முன்னவருடையது. குழலுக்குள் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கிற ஏழு வரிப்பள்ளம் பின்னவருடையது. விசைக்குப் பின்னால் நீளமாக ஒரு நெம்புகோல் தொங்கும். அதைக் கீழே தள்ளினால் உள்ளே இருக்கிற இரும்புக் கட்டையின் முன்பக்கம் இறங்கி வழிவிடும். ஒரே ஒரு தோட்டாவை வைத்து நெம்புகோலை மேலே இழுத்தால் மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் இயந்திரம். நான் ஒர்க்ஸில் எத்தனையோ இன்ஜின் பாகங்களைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். இவ்வளவு குறைவான பாகங்களை வைத்து இவ்வளவு வேலை வாங்கிய அமைப்பை அதிகம் பார்த்ததில்லை. வலது பக்கத் தகட்டில் கிரீடம், அதன் கீழே விக்டோரியா ராணியைக் குறிக்கிற வி.ஆர்., செய்த இடமான என்ஃபீல்டு, 1876 என்று அடித்திருக்கும். பட்டியல் எழுதியவர் கட்டைவிரலால் ஒரு துடை துடைத்திருந்தால் வருஷமாவது தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, இந்தியச் சிப்பாயின் கையில் எப்போதும் வெள்ளைச் சிப்பாயுடையதைவிட ஒரு தலைமுறை பழைய ஆயுதமே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு மார்ட்டினி வந்தபோது நம் ஆட்களுக்கு ஸ்னைடர். அவர்கள் லீ-மெட்ஃபோர்டுக்குப் போன காலத்தில்தான் மார்ட்டினி நம் பக்கம் வந்தது. ஆள்கிறவர்கள் நம்மை எவ்வளவு தூரம் நம்பினார்கள் என்பதை இந்த இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லலாம். நான் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு அது ரயில்வே வழியாக வந்தது. ராயபுரத்திலும் பெரம்பூரிலும் அந்தக் காலத்தில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் ஏராளம். ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் வாலண்டியர் படையிலும் இருந்தார்கள். பிற்காலத்தில் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே ரைஃபிள்ஸ் என்றே ஒரு பிரிவு இருந்தது. சுதந்திரத்தோடு அந்தத் துணைப்படையெல்லாம் கலைந்துபோனது. எங்கள் தெருமுனையில் இருந்த இன்ஜின் டிரைவர் ஒருவர் 1958இல் ஆஸ்திரேலியாவுக்குக் குடும்பத்தோடு கிளம்பும்போது, தன் அப்பா வைத்திருந்த மார்ட்டினியையும் ஒரு பன்னிரண்டு போர் (குழலின் அளவுக்கு அப்படிப் பெயர்) இரட்டைக் குழல் துப்பாக்கியையும் தாத்தாவுக்கு முறைப்படி மாற்றிக் கொடுத்தார். தாத்தாவுக்குப் பொன்னேரிப் பக்கம் நிலம் இருந்தது. பன்றிக்காக ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருந்தார். விலையாக எவ்வளவு கொடுத்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பீரோவையும் கிராமபோனையும் சேர்த்து வாங்கியதாகப் பாட்டி கடைசிவரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பன்னிரண்டு போர் இன்னும் என்னிடம் இருக்கிறது. மெட்ராஸில் அப்போது பேர்போன ஓக்ஸ் அண்ட் கம்பெனி விற்றது. இங்கிலாந்தில் செய்து, இங்கே தங்கள் பெயரைப் பொறித்து விற்பார்கள். குழல் டமாஸ்கஸ் வகை. இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் முறுக்கி, ஒரு கம்பியைச் சுற்றிச் சுருட்டி, சூட்டில் அடித்து ஒட்டிய குழல். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் குளத்து அலை மாதிரி கோடு ஓடும். மூன்றாவது துப்பாக்கி, தாத்தா புதிதாக வாங்கிய இஷாப்பூர் .315. ராணுவத்தின் .303 சிவிலியன் கையில் இருக்கக் கூடாது என்பதால், அதே லீ-என்ஃபீல்டு அமைப்பில் வேறு தோட்டாவுக்காகச் செய்த ரைஃபிள்.

2019 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. ஒருவருக்கு மூன்று என்று இருந்தது இரண்டாகக் குறைந்தது. வாரிசாக வந்தாலும் இரண்டுதான். மிச்சத்தை ஒரு வருஷத்துக்குள் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். நான் சட்டத்தோடு சண்டை போடுகிறவன் இல்லை. துப்பாக்கி எல்லார் கையிலும் இருக்கக் கூடாது என்பதில் உங்களைவிட நான் கறார். எங்கள் பகுதியில் என்னென்ன நடக்கிறது என்று எனக்கும் தெரியும். கடைசி வாரம்வரை யோசித்துவிட்டு மார்ட்டினியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குத் தோட்டாவே கிடையாது. கையில் இருந்த மூன்றில் யாருக்கும் எந்த ஆபத்தும் விளைவிக்க முடியாதது அதுதான், பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நினைத்தேன். மெல்லிய எண்ணெய் பூசி, பருத்தித் துணியில் சுற்றி, ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கட்டிக் கொடுத்தேன்: உறைக்குள் போட வேண்டாம், சுவரில் சாய்க்க வேண்டாம், தரையில் வைக்க வேண்டாம், மாதம் ஒருமுறை துடைக்க என்னைக் கூப்பிடவும். கீழே போன் நம்பர்.

யாரும் கூப்பிடவில்லை. இரண்டு முறை நானே போய்க் கேட்டேன். ‘கேஸ் பொருளைத் தொடவிட முடியாது’ என்றார்கள். கேஸே இல்லையே என்றேன். ‘இருந்தாலும்’ என்றார்கள்.

மறுபடி அதை நான் பார்த்தது 2024 ஜூனில். தேர்தலுக்காக ஒப்படைத்திருந்த மற்ற இரண்டையும் திரும்ப வாங்கப் போனபோது ஸ்டோர் ரூம் கதவு திறந்திருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அந்த அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றிருக்கிறது. சுவரில் கோடு இன்னும் இருந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே, பறிமுதல் செய்த சைக்கிள்களுக்கும் ஒரு உடைந்த பீரோவுக்கும் நடுவில், ஏழெட்டுத் துப்பாக்கிகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் விறகுக்கட்டு மாதிரி கட்டி மூலையில் நிறுத்தியிருந்தார்கள். மார்ட்டினியை நெம்புகோலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். நான் சுற்றிக் கொடுத்த துணியை எடுத்துவிட்டு ஒரு ரெக்சின் உறைக்குள் திணித்திருந்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகும் உறைக்குள் ஈரம் நின்றிருக்கிறது. இரும்புக்கு இதைவிடப் பெரிய கொடுமையை நான் வேண்டுமென்றே செய்ய நினைத்தாலும் யோசிக்க நேரம் ஆகும்.

மேல்துருவைத் துடைத்துவிடலாம் என்று நீங்கள் நினைக்கலாம். அந்தக் காலக் குழல்களுக்குப் பழுப்பு நிறம் வருவதே கணக்காகத் துரு ஏற்றித் தேய்த்துத்தான். நல்ல துரு எது, கெட்ட துரு எது என்று எங்களுக்குத் தெரியும். இது பள்ளம் விழுந்த துரு. உப்பு உள்ளே இறங்கிவிட்டது. வால்நட் கட்டை ஊறி, இரும்போடு சேருகிற இடத்தில் வெடித்திருந்தது. நெம்புகோலை யாரோ சுத்தியால் தட்டித் திறக்கப் பார்த்திருக்கிறார்கள், தகட்டில் தடம் இருந்தது. பின்பக்கமாக ஒரே ஒரு ஊசியை எடுத்தால் உள்ளே இருக்கிற இரும்புக் கட்டை முழுவதும் கழன்றுவரும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஒரு ஏட்டய்யாவைப் பற்றியும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார்: “நான் பார்த்துட்டுதான் சார் இருந்தேன், மனசு கேக்கல. ஒருநாள் வூட்லேர்ந்து தேங்கா எண்ணெ கொணாந்து பூசி வுட்டேன்.” தேங்காய் எண்ணெய் துப்பாக்கிக்கு ஆகாது, நாளானால் பிசினாகி அழுக்கையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும். ஆனால் அந்த நிலையத்தில் அந்தத் துப்பாக்கியைப் பொருளாக மதித்தவர் அவர் ஒருவர்தான். அவர் கையில் ஒரு குப்பி சரியான எண்ணெயும் பத்து நிமிஷப் பயிற்சியும் இருந்திருந்தால் இந்த மடலுக்கு வேலை இருந்திருக்காது.

தேர்தல் ஒப்படைப்புக்கு வருகிறேன். 2019, 2021, 2022 உள்ளாட்சி, 2024 என்று நான்கு முறை என் துப்பாக்கிகளைக் கொடுத்து வாங்கியிருக்கிறேன். 2024இல் தேதி அறிவித்த மார்ச் 16 முதல் எண்ணிக்கை முடிந்த ஜூன் 4 வரை 80 நாள். பங்குனி, சித்திரை, வைகாசி. கடல்காற்றும் புழுக்கமும் உச்சத்தில் இருக்கிற நேரம். உரிமம் வைத்திருக்கிற எல்லாரும் கட்டாயம் ஒப்படைக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் சொல்லவில்லை. ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், முன்பு கலவரத்தில் சம்பந்தப்பட்டவர் என்று ஒவ்வொருவராகக் குழு வைத்து ஆராய்ந்து முடிவெடுக்கச் சொல்லியிருக்கிறது. காரணம் சொல்லாமல் மொத்தமாக வாங்கக் கூடாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. எனக்கு ஒவ்வொரு முறையும் வந்தது போன் கால்தான்: ‘நாளைக்குள்ள கொண்டாந்து வெச்சிடுங்க சார், இல்லன்னா லைசென்ஸ் ரினியூவல் கஷ்டமாய்டும்.’

2021இல் திரும்ப வாங்கியபோது நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது துருவைப் பற்றியதில்லை, உயிரைப் பற்றியது. ரசீதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பணியில் இருந்த இளைஞர் ஒருவர் பன்னிரண்டு போரை எடுத்து இரண்டு குதிரையையும் ஏற்றி, விசையை மாறி மாறி இழுத்தார். டக், டக். குழல் நேராக டீ கொண்டுவந்த பையனின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கத்திவிட்டேன். “வெறும் துப்பாக்கிதான சார், இன்னாத்துக்கு டென்சன் ஆவறீங்க?” என்று சிரித்தார். வெறுமையாக இருக்கிறதா என்று அவர் திறந்து பார்த்திருந்தால் நான் கத்தியிருக்க மாட்டேன். நைனா எனக்குத் துப்பாக்கியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வருஷம் விளக்குமாற்றுக் கட்டையை வைத்துப் பழக்கினார். அதன் முனை யார் பக்கமாவது திரும்பினால் அன்றைக்குப் பாடம் முடிந்தது. வாங்கும்போதும் கொடுக்கும்போதும் திறந்து காட்டு, விரலை விசைக்கு வெளியே வை, தோட்டா வேறு அறையில் வேறு பூட்டில் இருக்கட்டும் என்பதெல்லாம் பிறகு வந்த பாடம்.

அன்று வீட்டுக்கு வந்து அதே துப்பாக்கியை மடக்கி, குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். வலது குழலில் வெளிச்சம் வந்தது. இடதில் வரவில்லை. 65 நாளில் குளவி உள்ளே மண்கூடு கட்டியிருந்தது. பார்க்காமல் யாராவது ஒரு தோட்டாவைப் போட்டுச் சுட்டிருந்தால், ரவை வெளியே போக வழியில்லாமல் குழல் பக்கவாட்டில் கிழிந்திருக்கும். குழலைத் தாங்குகிற இடது கை விரல்கள் போயிருக்கும். பொன்னேரியில் நைனாவின் சேக்காளி ஒருவருக்குச் சேற்றை அடைத்துக்கொண்ட குழலால் இரண்டு விரல் போனதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சாப்பிடும்போது அந்தக் கையை மடியில் மறைத்துக்கொள்வார்.

நான் அந்த டமாஸ்கஸ் குழலில் சுடுவதில்லை. அது கரிமருந்துக்காகச் செய்தது. வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்று கலந்த பழைய மருந்து மெதுவாகத் தள்ளும். இன்றைய புகையில்லா மருந்தின் அழுத்தம் வேறு. அதற்கெனச் சோதித்த குழலுக்கு பர்மிங்காமிலோ லண்டனிலோ தனி முத்திரை அடிப்பார்கள், என்னுடையதில் அது இல்லை. போதாததற்குத் தோட்டா உட்காரும் அறையின் நீளம் பழைய 65 மில்லிமீட்டர். இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டா உள்ளே பொருந்திவிடும், அதுதான் ஆபத்து. சுட்டதும் அதன் வாய் விரிய இடமில்லாமல் குழலின் குறுகலில் போய் நெரியும், அழுத்தம் ஏறும். பழைய பன்னிரண்டு போர் வைத்திருக்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்? உரிமம் புதுப்பிக்கும்போது ஒரு வரி சொல்லலாம், யாரும் சொல்வதில்லை. நான் சுடுவது .315இல் மட்டும். அனுமதி பெற்ற சுடுதளத்தில், காதுக்கு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை. சுடுவதற்கு முன்னால் குழலில் இருக்கிற எண்ணெயை வறண்ட துணியால் முழுதாக எடுத்துவிட வேண்டும். சுட்ட பிறகு எண்ணெய் போடுவதற்கு முன்னால் வெந்நீர். பழைய கேப்புத் தோட்டாவும் கரிமருந்தும் விட்டுப்போகிற உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். இரும்புக்குத் தண்ணீர் ஊற்றுவதா என்று என் மருமகள் ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

புளியந்தோப்பில் பவுடர் மில்ஸ் ரோடு இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏதோ முகப் பவுடர் கம்பெனி இருந்த இடம் என்று பத்து வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். துப்பாக்கி மருந்து அரைத்த ஆலையின் பெயர் அது என்று நைனா மார்ட்டினியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். நான் படித்த வடசென்னை வரலாறு பாதி அந்தத் திண்ணையில், மண்ணெண்ணெய் வாசனையோடு படித்ததுதான். அரசாங்கமும் பழைய ஆயுதங்களை மதிக்காமல் இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். எழும்பூரிலேயே பழைய ஆணையர் அலுவலகத்தை 2021இல் காவல் அருங்காட்சியகமாக மாற்றி, பழைய துப்பாக்கிகளை விளக்கு வைத்துக் காட்டுகிறார்கள். பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். நன்றாகவே செய்திருக்கிறார்கள். “நம்ம துப்பாக்கி எங்க தாத்தா?” என்று கேட்டாள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள், பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள்.

இனி சட்டம். 2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் படைக்கல விதிகளைத் திருத்தியது. ‘கியூரியோ’ (பழமைக்காக வைத்திருக்கிற அரும்பொருள்) வகையில் வரும் பழைய சிறு படைக்கலங்களை வாங்கவும் வைத்திருக்கவும் இந்தியக் குடிமக்களுக்கு உரிமம் தேவையில்லை. சுடவோ வெளியே எடுத்துச் செல்லவோ வேண்டுமானால்தான் உரிமம் வேண்டும். 1876 என்று முத்திரை உள்ள, தோட்டா கிடைக்காத ஒற்றை வெடி ரைஃபிள் அந்த வகையில் வராது என்றால் வேறு எதுதான் வரும்? 2020 டிசம்பரில் நான் ஒப்படைக்க வந்தபோது இந்தத் திருத்தம் வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. மேஜையில் இருந்தவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. என் அறியாமைக்கு நான் பொறுப்பு. அவருடையதற்கு யார் பொறுப்பு? நூறு வருஷம் தாண்டிய கைவினைப் பொருளைத் தொல்பொருளாகப் பார்க்க 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. அந்தக் கண்ணோடு பார்த்திருந்தால் ‘மதிப்பு’ என்ற கட்டத்தில் வேறு ஏதாவது எழுதியிருப்பீர்கள்.

பட்டியலில் ஏழாவது வரிசையில் ஒரு பன்னிரண்டு போர் இருக்கிறது. அதன் சொந்தக்காரரை எனக்குத் தெரியும், கொரோனாவில் போய்விட்டார். அவர் மனைவிக்கு அறிவிப்பை நான்தான் படித்துக் காட்டினேன். “எடுத்துக்கட்டும்பா, எதுக்கு வம்பு” என்றார். மற்ற பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் இப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று தெரியாது. காரணம் காட்டாதவர்களுடையதை எல்லாம் ஒரே லாரியில் ஏற்றி உருக்க அனுப்புவது சட்டப்படி சுலபம். அந்தப் பதினான்கில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்த ஒருவர்கூட அதுவரை பார்த்திருக்க மாட்டார்.

ஆகவே நான் கேட்பது இவை.

மார்ட்டினி-ஹென்றியைப் பறிமுதல் செய்யும் நடவடிக்கையைக் கைவிட்டு, 2020 திருத்தத்தின்படி கியூரியோவாகக் கருதி என்னிடம் திருப்பிக் கொடுங்கள். முடியாது என்றால் ஏன் அந்த வகையில் வராது என்று எழுத்தில் காரணம் கொடுங்கள். அப்போதும் உருக்க வேண்டாம். நான் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறேன், எழும்பூரில் உள்ள இரண்டு அருங்காட்சியகங்களில் எது வாங்கிக்கொள்கிறதோ அதற்கு அனுப்புங்கள். மற்ற பதின்மூன்றையும் தொல்பொருள் தெரிந்த ஒருவர், துப்பாக்கி தெரிந்த ஒருவர், இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திடும் வரை எதுவும் அழிக்கப்படக் கூடாது.

அடுத்த தேர்தலில் ஒப்படைக்கச் சொன்னால், ஏன் என்னுடையது வேண்டும் என்று குழுவின் முடிவை எழுத்தில் தாருங்கள். போனில் வேண்டாம். வாங்கும்போது தரும் ரசீதில் வரிசை எண்ணோடு நிலையையும் எழுதி, குழலுக்கும் கட்டைக்கும் போட்டோ எடுத்து இணையுங்கள். திருப்பித் தரும்போது இருவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு மரச் சட்டம், உறையில்லாத துணி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை உங்கள் ஆள் முன்னிலையில் உரிமையாளர் வந்து துடைக்க அனுமதி. இதற்குப் பெரிய செலவில்லை. மரச் சட்டத்தை நானே அடித்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.

ஸ்டோர் ரூம் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அரை நாள் பயிற்சி கொடுங்கள். குறிப்பாக, வாங்கியதும் திறந்து பார்ப்பது, குழலைத் தரைப் பக்கம் வைப்பது, திருப்பித் தருவதற்கு முன் உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பது. 2020 திருத்தத்தைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி எல்லா நிலையத்திலும் ஒட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் முடிவு வர இன்னும் எத்தனை வாரம் ஆகுமோ, அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். முடிவு எதுவானாலும் இருக்கட்டும், அதுவரை நான் நிலையத்துக்கு வந்து, உங்கள் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கயிற்றுக்கட்டைப் பிரித்து மார்ட்டினியைத் துடைத்து எண்ணெய் போட அனுமதி கொடுங்கள். ஏழாவது வரிசைக்காரருடையதையும் சேர்த்தே துடைத்துவிடுகிறேன். மண்ணெண்ணெய், பித்தளை பிரஷ், பழைய வேட்டித் துணி எல்லாம் நானே கொண்டுவருவேன். அந்த ஏட்டய்யாவுக்கு அன்று பணி இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்த நாள், எத்தனை மணி என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ராயபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பிட்டர்